முந்திச் சிவந்த பக்கம்

தம்பி,

நீ என் அழைப்பை எடுக்காமல் விட்டு இன்றோடு பதினாறு நாள். அம்மாவின் தொலைபேசியிலிருந்து எடுத்தாலும், பேசுவது நான் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறாய். அதனால் அப்பா எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதுவும் நல்லதுதான். ஓடோடிப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற கடிதம் இல்லை இது. இதைப் பிரதி எடுத்து, உன் கல்யாண அழைப்பிதழ் போன வீடுகள் எல்லாவற்றுக்கும் அனுப்பப் போகிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த மரத்துக்குக் கீழே கதிரையில் வந்து உட்காரப்போகிறவர்கள் இதில் எழுதியிருப்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்கு வெளியே சார்செலில் உன் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற லிக்கிடாம்பர் மரத்தின் கீழே நீ கல்யாணப் பந்தல் போடக்கூடாது. கல்யாண நாளான, ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு கிழமைகூட இல்லை. அதற்குள் அந்த மரத்தைத் தறிக்க வேண்டும். இரண்டு கொப்பை வெட்டிவிடலாம், கம்பி போட்டு இழுத்துக் கட்டலாம் என்ற கதையெல்லாம் சரிவராது. அடியோடு தறிக்க வேண்டும். இதை நான் ஆகஸ்டில் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். அதை எழுதத்தான் இவ்வளவு தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மரத்தின் அழகு எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஏழு வருடத்துக்கு முன் நீ அந்த வீட்டைப் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு போன அன்று, நீங்கள் எல்லோரும் குசினியையும் குளியலறையையும் பார்க்க, நான் நேரே தோட்டத்துக்குப் போனேன். பழைய வீட்டுக்காரர் மரத்தை வாங்கி நட்டபோது கட்டியிருந்த பெயர்த்தகடு ஒரு கொப்பில் கம்பி இறுகி அப்படியே கிடந்தது. சட்டைக் கையால் துடைத்து வாசித்தேன். லிக்கிடாம்பர், வோர்ப்பில்ஸ்டன் இனம். நான் வேலை செய்த நகரசபைத் தோட்டத்தில் இந்த இனத்தில் நான்கு நட்டோம், இரண்டுதான் பிழைத்தன. இது காய்க்காக வளர்க்கிற மரம் இல்லை, நிழலுக்காக வளர்க்கிற மரமும் இல்லை. ஒக்டோபர் கடைசியில் அது எடுக்கிற நிறம் ஒன்றுக்காகத்தான் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். விரல் விரித்த உள்ளங்கை மாதிரி ஆழமாய்ப் பிளந்த இலை, ஓரம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பிறகு திராட்சைச் சாற்று நிறத்துக்குப் போகும். ஒரே கொப்பில் மூன்று நிறமும் ஒன்றாய் நிற்கும். இலையைக் கசக்கினால் சாம்பிராணி மாதிரி ஒரு வாசம். கசக்கி உன் அம்மாவின் மூக்குக்கு நேரே பிடித்தேன். இந்த வீட்டை வாங்கலாம் என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான்.

நான் மரம் படித்தவன் இல்லை. இதை நீ எனக்கு ஒருதடவைக்கு மேல் சொல்லிக் காட்டியிருக்கிறாய். பன்னிரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு நகரசபைத் தோட்டப் பிரிவில் குப்பை அள்ளுகிறவனாகச் சேர்ந்தேன். மரங்களின் பெயரைத் தகடுகளைப் பார்த்துப் பாடமாக்கினேன். நோய்களின் பெயரை நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். எங்கள் மார்க்ஸ் டோர்மோய் அடுக்குமாடி வீட்டில் நீயும் அக்காவும் பாடம் எழுதிய மேசையின் மறுபக்கத்தில் நானும் கொப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். இருபத்தொரு வருடம் அங்கே இருந்தேன். ஒரு நாளும் ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காமலே சொன்னேன்.

ஒருமுறை சிறுவர் விளையாட்டிடத்துக்குப் பக்கத்தில் நின்ற பொப்ளார் மரம் ஒன்றை மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது நிற்காது என்று பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தட்டலை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் பகிடியோடு போயிருக்கும். நான் சிரிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அந்த மரம் ஊஞ்சல் கம்பத்தின் மேல் கிடந்தது. புயலில் விழுந்தது என்று அவர் அறிக்கை எழுதினார். அன்று காற்றே இல்லை, தம்பி. கொடியில் போட்ட துணி அசையாத நாள் அது. வேர் போன மரம் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. இலை நிறைந்திருக்கும், முந்தின நாள் பெய்த மழை இலையில் தங்கியிருக்கும், நிலம் ஊறியிருக்கும், அவ்வளவு போதும். நான் சொன்னது சரி என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. மறைக்கவில்லை.

இனி ஆகஸ்டுக்கு வருகிறேன். பதினைந்தாம் திகதி விடுமுறைக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாய். நீ கட்டப்போகிற செலின் ஒரு பெரிய தாளில் தோட்டத்தின் படம் கீறி வைத்திருந்தாள். பந்தல் எங்கே, கதிரைகள் எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே என்று ஒவ்வொன்றாய்க் காட்டினாள். பந்தலின் பின்கால்கள் இரண்டும் மரத்துக்கு அருகே வந்தன. மின்விளக்கு மாலையை மரத்தைச் சுற்றிக் கட்டுவதாகச் சொன்னாள். மரம் அந்த நேரம் முழுக்கச் சிவந்திருக்கும், வேறு சோடனையே தேவையில்லை என்றாள். நான் தாளைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தேன். ஆகஸ்டில் அது முழுப் பச்சையாய் நிற்க வேண்டும். வீட்டுப் பக்கம் பச்சைதான். பின்னால், வேலி மூலைப் பக்கம், மேலிருந்து கீழ்வரை ஒரு பாதி சிவந்திருந்தது. உன் அக்காகூட, இந்த வருடம் மரம் முந்திக்கொண்டு வடிவாய் வருகிறது என்று படம் எடுத்தாள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு மாதம் முந்திச் சிவக்கிற மரத்துக்கு அந்தப் பக்கத்து வேர் தண்ணீர் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அது நிறம் எடுக்கவில்லை, காய்கிறது.

மரத்தடி வேண்டாம், மண்டபம் பாருங்கள் என்று நான் சொன்னேன். நீ கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நீங்கள் மரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை அப்பா. செலினைப் பற்றித்தான் கதைக்கிறியள்." பிறகு பிரெஞ்சில் ஏதோ வேகமாய்ச் சொன்னாய். எனக்கு விளங்காது என்று நினைத்தாய். விளங்கியது. சாத்திரியார் போய் இப்போது மரமா என்று கேட்டாய்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். பங்குனியில் உன்னிடம், சாத்திரியாரிடம் போனேன், பொருத்தம் இல்லை, இரண்டு வருடம் பொறுக்கச் சொல்கிறார் என்று சொன்னேன். நான் எந்தச் சாத்திரியாரிடமும் போகவில்லை. புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுக்க எனக்கு மனம் இல்லை, அதை நேரே சொல்லத் துணிவும் இல்லை, ஆகவே வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அந்த மனிதருக்கே தொலைபேசி எடுத்துக் கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. அவர், அப்படி ஒருவரும் என்னிடம் வரவில்லையே என்று சொன்னாராம். அதற்குப் பிறகு செலின் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வராமல் முழங்கால் நோ என்று படுத்துக்கிடந்தேன். அதுவும் பொய். நீங்கள் போனபின் எழுந்து லா சப்பல் கடைத்தெரு வரை நடந்து போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தேவாலயத்து வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன், அதுமட்டும் உண்மை. கோயிலும் வேண்டாம் தேவாலயமும் வேண்டாம், நகரசபை மெரியில் பதிந்தாயிற்று, இரண்டு வீட்டாரும் இந்த மரத்தடியில் கூடட்டும், அங்கேயே தாலி கட்டலாம் என்று செலின் ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னுடைய பிடிவாதத்துக்கு இடம் விட்டுத்தான் அவள் உங்களை அந்த மரத்துக்குக் கீழே கொண்டுபோனாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் நீ வேலைக்குப் போயிருந்த நேரம் நான் தனியே ரயில் எடுத்து அங்கே வந்தது உனக்குச் செலின் சொல்லித்தான் தெரியும். உளவு பார்க்க வந்ததாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். மரச்சுத்தியலோடு வந்தேன். அடிமரத்தைச் சுற்றித் தட்டினேன். வீட்டுப் பக்கம் இறுக்கமான சத்தம். மூலைப் பக்கம் திரும்பியதும் சத்தம் மாறியது. வெறும் பெட்டியைத் தட்டுகிற மாதிரி, என் இடுப்பளவு உயரம்வரை. பட்டையில் கத்தி நுனியை வைத்தேன், தள்ளாமலே போனது. பிறகு முழந்தாளிட்டு நிலத்தைப் பார்த்தேன். மரத்துக்கும் வேலிக்கும் நடுவில், புல்லுக்குக் கீழே, விரல் விடக்கூடிய ஒரு வெடிப்பு அரைவட்டமாய் ஓடியது. மரம் எப்போதும் வெளிச்சம் தேடித் தெற்கே, வீட்டுப் பக்கமாய்ச் சற்றுச் சாய்ந்துதான் வளர்ந்தது. அதன் பாரம் முழுக்க அந்தப் பக்கம். பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது மூலைப் பக்கத்து வேர்கள். அவை விட்டுக்கொண்டிருக்கின்றன.

செலின் வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நான் வரவில்லை என்றேன். அவள் போய்த் தேத்தண்ணீரைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள், தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். நீ கேட்டதைவிட நன்றாகக் கேட்டாள். வெடிப்பைப் போய்ப் பார்த்தாள், விரலை விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, "மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. நெஜமாவே மரம்தானா?" என்றாள். மரம்தான் என்றேன். "இப்படி ஆகறதுக்கு வருஷக்கணக்கா ஆகும்னு நீங்களே சொல்றீங்க. நீங்க மாசாமாசம் இங்க வர்றீங்க. அப்ப இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றாள்.

தேத்தண்ணீர்க் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து ரயிலுக்கு வந்துவிட்டேன். மருமகள் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் ஓடிவந்தவன் நான். அவள் அதை உன்னிடம் சொன்னாள், நீ அதைக் கொண்டு நான் கதை கட்டுகிறேன் என்று முடிவு கட்டினாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் உன் அக்காவின் கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளில் பெண் வீட்டிலும் கன்னிக்கால் ஊன்ற வேண்டும் என்றேன். பாரிஸில் எல்லோரும் அதைப் பூச்சட்டியில்தான் ஊன்றுகிறார்கள். மண் நிரப்பிய சட்டி, நடுவில் தடி, சுற்றி மஞ்சள் துணி, முடிந்ததும் சட்டியைத் தூக்கிப் பல்கனியில் வைத்துவிடுவார்கள். உன் அம்மாவும் அதுதான் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். சட்டியில் ஊன்றுகிற கால் என்ன கால், என் பிள்ளைக்குச் சொந்த மண் இருக்கும்போது எதற்குச் சட்டி என்று கேட்டேன். ஐயர் சொன்னபடி காணியின் வடகிழக்கு ஈசான மூலையில், நிலத்தில்தான் ஊன்ற வேண்டும் என்று நின்றேன். மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் ஏது நிலம். அதனால் சடங்கை உன் வீட்டுக்கு மாற்றினோம். ஈசான மூலை எது என்று திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். அது மரத்துக்கும் வேலிக்கும் நடுவில், மரத்திலிருந்து நாலு அடியில் வந்தது.

முதல் நாள் குழி தோண்ட என்னோடு வந்தவர் குணம் அண்ணை, என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவியவர். நீங்கள் எல்லோரும் சேலை எடுக்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். ஒரு முழம் போனதும் குத்திய இரும்பு அலவாங்கு வேரில் இடித்தது. என் தொடைப் பருமன். தோட்டக்காரன் நான், அது என்ன வேர் என்று எனக்கு அந்தக் கணமே தெரியும். லிக்கிடாம்பரின் வேர் சதைப்பிடிப்பானது, வெட்டினால் மற்ற மரங்களைப்போல மூடிக்கொள்ளாது, காயத்தின் வழியே அழுகும். அதை நான் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். குணம் அண்ணை வேலியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு சாண் தள்ளிக் கிண்டினால் என்ன? ஈசானத்தைச் சாண் கணக்கிலையே அளந்து வைச்சிருக்கிறாங்கள்?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் பகிடி கேட்கிற நிலையில் இல்லை. பூச்சட்டி போதும் என்றவர்களுக்கு முன்னால் நிலத்தில்தான் என்று நின்றவன், ஒரு வேருக்காகத் தள்ளிப் போவதா என்று இருந்தது. கோடாலியை எடுத்து வெட்டினேன். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதையும் வெட்டினேன். வெட்டு முகத்திலிருந்து பிசின் வடிந்து குழியெல்லாம் வாசம். மறுநாள் அந்த வாசத்துக்கு மேலே நவதானியமும் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி முள்முருக்குத் தடியை ஊன்றினோம். குழி ஆழமாய் இருக்கிறது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு கிழமையில் தடி காய்ந்தது. பிடுங்கிவிட்டுக் குழியை மண்ணால் மூடியிருந்தால்கூட மரத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பிற்காலத்தில் யாராவது அங்கே தோண்டினால் கோடாலி வெட்டைக் காண்பார்கள் என்ற பயத்தில் உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பி, மேலே சீமெந்து பூசினேன். புல் பிடிக்காத இடம், அழகாய் இருக்கட்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். இறைச்சி சுடுகிற உன் அடுப்பு இன்றைக்கும் அந்தச் சீமெந்தின் மேல்தான் நிற்கிறது. குணம் அண்ணை இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். அவரோடு சாட்சியும் போனது.

முதல் வருடம் மரத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நிம்மதி. இரண்டாம் வருடம் உச்சியில் இலை சிறுத்தது. மழை குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வருடம் மூலைப் பக்கத்துக் கொப்பில் பட்டை வெடித்தது. பனி என்று சொல்லிக்கொண்டேன். நகரசபையில் வேறொருவன் இப்படிக் காரணம் சொல்லியிருந்தால் நான் அவனை மனிதனாகவே மதித்திருக்க மாட்டேன். அந்த வருடம்தான் நீ அக்காவின் மகளுக்கு அந்த மரத்தில் ஊஞ்சல் கட்டினாய். நான் நின்று பார்த்தேன். தம்பி, நான் அந்தப் பிள்ளையை அந்த ஊஞ்சலில் வைத்து ஆட்டினேன். இரண்டு கோடை ஆட்டினேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் கொப்பு முனகுவதைக் கேட்டுக்கொண்டே ஆட்டினேன். வேறு எங்காவது கட்டலாமே என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன், ஏன் என்று கேட்டாள், வெயில் படுகிறது என்றேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. நீ மன்னிப்பதும் மன்னிக்காததும் பிறகு. நீ குடும்பம் நடத்தப்போகிறவன், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டில் ஒரு பிழை விட்டால் அன்றைக்கே செலினிடம் சொல்லிவிடு. அன்று சொன்னால் ஒரு நாள் சண்டையோடு போகும். நான் அந்த மாலையே, தம்பி உன் மரத்தின் வேரை வெட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், நீ கத்தியிருப்பாய், அடுத்த வாரம் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்போம், இந்நேரம் வேறொரு கன்று அங்கே ஆளுயரம் நின்றிருக்கும். சொல்லாமல் விட்டதால் அந்த வெட்டு ஐந்து வருடம் மண்ணுக்கடியில் தன் வேலையைச் செய்தது. இப்போது உண்மையைச் சொல்கிறேன், என் சொந்தப் பிள்ளை நம்பவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை அதில வைச்சு ஆட்டினது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். இன்று காலை எழுதுகிற தாளையும் பேனாவையும் மேசையில் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். அக்காவுக்கும் அவளே தொலைபேசி எடுத்து, பிள்ளையை அங்கே அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உனக்கு இன்னொரு சந்தேகமும் வரும். இவ்வளவு எழுதியதும் கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான் என்று. இல்லை. இந்தக் கல்யாணத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. இந்த வயதில் பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த நாளைத் தள்ளவேண்டாம். அதே தோட்டத்தில், அதே ஞாயிற்றுக்கிழமை, மரம் இல்லாத வெறும் வானத்துக்குக் கீழே தாலியைக் கட்டு. நான் முன்வரிசையில் உட்காருவேன். செலின் ஆசைப்பட்ட சிவப்பு இருக்காது. அதை நான்தான் இல்லாமலாக்கினேன் என்று அவளிடம் நான் வந்து சொல்கிறேன். தன் கேள்விக்குப் பதில் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அவளுடைய வீட்டாரும் அந்த நேரம் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவேளை அவள் நீ ஏசுவதைவிடக் குறைவாய் ஏசுவாள், அதுதான் எனக்குப் பயம்.

மரம் தறிக்கிற ஆள் ஒருவரை வருகிற வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பொபினியில் இருப்பவர், தொழில் தெரிந்தவர், உயரத்திலிருந்து துண்டு துண்டாய் இறக்குவார். சாய்த்து விழுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு வருவார், கேற்றைத் திறந்து வை. இந்தக் கிழமை மூன்று நாள் மழை என்று சொல்கிறார்கள். இலை இன்னும் ஒன்றும் உதிரவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். மழை தாங்கிய முழு மரம் ஒரு பக்கத்து வேரில் நிற்கிறது.

என்னை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. நம்புவதற்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நீயே பார். கடிதம் வந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போது, உன் அடுப்பை அப்பால் தள்ளிவிட்டு அந்தச் சீமெந்தை அலவாங்கால் உடை. செங்கல்லை அள்ளி வெளியே போடு. ஒரு முழத்தில் வேரைக் காண்பாய், என் கோடாலி வெட்டு தெரியும். வெட்டிலிருந்து மரத்தை நோக்கி ஒரு சாண் தள்ளி உன் பெருவிரலை வைத்து அழுத்து. விரல் உள்ளே போகாவிட்டால் நான் சொன்னதெல்லாம் பொய், பந்தலை எங்கே வேண்டுமானாலும் போடு, அதற்குப் பிறகு நான் உன் வீட்டு விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன். விரல் உள்ளே போனால் அலவாங்கை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் போகாமல் பக்கத்து வழியால் தெருவுக்கு வா, செலினையும் முன்வாசலால் வெளியே கூப்பிடு.

தோண்டும்போது வேலிப் பக்கமாய் நின்று தோண்டு. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் நிற்காதே.

அப்பா